இராஜபாளையம் நாய்க்குட்டி வருமுன் வீட்டில் செய்யவேண்டுவன

தோட்டத்துக் காவலுக்கும் களத்துக் காவலுக்கும் நல்ல ஜாதி நாய் ஒன்று வேண்டுமென்று குடியானவர்கள் நம்மிடம் அடிக்கடி விசாரிக்கின்றனர். குட்டி எங்கே கிடைக்கும், விலை என்ன என்னும் இரண்டையுமே பெரும்பாலோர் கேட்கின்றனர். குட்டி வந்து சேருமுன் வீட்டிலும் தொழுவத்திலும் முடித்து வைக்கவேண்டிய காரியங்கள் எவை என்று கேட்பவர் அரியர். குட்டிகள் மாள்வதும் கால் ஊனமடைவதும் முதல் சில மாதங்களிலேயே மிகுதியாக நேர்வதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியமாகிறது.

விருதுநகர் ஜில்லாவிலுள்ள இராஜபாளையத்தின் பெயரால் வழங்கும் வெள்ளை நாயை யாவரும் அறிவர். 2005-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. ஆண் நாய் தோளளவில் 25 முதல் 30 அங்குலம் வரை நிற்கும். மடியில் அடங்கும் குட்டியைக் கண்டு, இது இவ்வளவாக வளரும் என்பதை மறந்துவிடலாகாது. ஒரு வருஷத்திற்குள் அது திண்ணையில் வைத்த சோற்றுப் பானையை எட்டும். சுற்றுச் சுவர் தாழ்வாக இருப்பின் தாண்டும். நெருக்கமான தெருவில் முற்றமில்லாத வீட்டில் வசிப்பவர் இதை வாங்காதிருத்தலே நலம். முற்காலத்தில் இந்நாய்கள் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்டன. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாகும். அந்நோக்கத்துடன் குட்டி தேடுவோர்க்கு இக்கட்டுரை எழுதப்படவில்லை.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்றும் பிரித்துக் கொண்டுவரக் கூடாது. 2017-ம் வருஷத்து நாய் வளர்ப்பு விதிகளும் எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்க, தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டி அப்பாடத்தை நம் வீட்டுக் குழந்தைகளின் கையில் கற்கும்.

இந்த வெள்ளை ஜாதியில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ஆதலால் வாங்குமுன் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது அவசியம். குட்டிகள் கூட்டமாக இருக்கையில் ஒன்று எழுந்தால் மற்றவையும் எழும்; செவிட்டுக் குட்டி இதனால் மறைந்து போகும். ஆகவே ஒரு குட்டியைத் தனியே எடுத்துவந்து, அது தூங்கும்போது சற்றுத் தூரத்தில் நின்று, அதன் பார்வைக்கும் காற்றுக்கும் அகப்படாத இடத்திலிருந்து, ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். தரையில் காலை உதைத்துச் சோதித்தல் தவறு. அதிர்ச்சியை உடம்பால் உணர்ந்து விழிக்கும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடக்கூடும். அதனைக் கருவி கொண்டே அறிய முடியும். செவிட்டு நாயைத் திடீரெனத் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அது காவலுக்கும் உதவாது. கொல்லவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பொறுமையுள்ள வீட்டில் கையசைவால் பழக்கலாம். ஆனால் அதனை இனவிருத்திக்கு விடுவது இந்த ஜாதிக்கே செய்யும் கேடு.

வீட்டையும் தொழுவத்தையும் ஒழுங்கு செய்தல்

குட்டி எதையும் வாயில் வைத்தே பார்க்கும். பண்ணை வீட்டில் அதன் உயிருக்கு ஆபத்தானவை, பட்டணத்து வீட்டிலுள்ளவற்றைவிட அதிகம். இவற்றுள் நம்மவர் சிறிதும் ஐயுறாதது ஆமணக்கம் பிண்ணாக்கு. எருவாகக் கொட்டி வைத்திருக்கும் இப்பிண்ணாக்கின் வாசனை நாய்க்கு மிகவும் பிடித்தமானது. ஆமணக்கு விதையின் விஷம் எண்ணெயோடு போய்விடுவதில்லை. பிண்ணாக்கிலேயே தங்கி நிற்கும். தக்கபடி சூடேற்றினாலன்றி அழியாது. தின்ற குட்டிக்குச் சில மணி நேரத்திலோ மறுநாளிலோ வாந்தியும் இரத்தக் கழிச்சலும் காணும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குட்டி வாங்க நிச்சயித்தவர் ஆமணக்கம் பிண்ணாக்கு மூட்டைகளைக் கதவுள்ள அறையில் பரண்மீது ஏற்றிவிட வேண்டும். அவ்வெரு இட்ட பாத்திகளிலும் குட்டி தோண்டாதபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது எலிப் பாஷாணம். எலிக்கு வைத்த உருண்டையைக் குட்டி தின்னும். விஷம் தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்தே. பூச்சி மருந்துப் புட்டிகள், தெளிப்பான் கழுவிய ஜலம் தேங்கும் குழி, விதை நேர்த்தி செய்த விதைகள் ஆகியவற்றையும் இவ்வாறே கருதுக. முற்றத்து அரளியைச் சுற்றி வேலி கட்டலாம், அல்லது களைந்துவிடலாம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையாயின், குட்டி வருமுன் மூங்கில் தட்டியாவது போட்டு மறைக்க வேண்டும். அந்தத் தட்டி வீட்டுக் குழந்தைகளுக்கும் பயன்படும்.

கடந்த ஒரு வருஷத்தில் அவ்வீட்டில் ஒரு குட்டி இரத்தக் கழிச்சல் கண்டு இறந்திருந்தால் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். பார்வோ என்னும் அந்த நச்சுக்கிருமி 1978-ம் வருஷம் உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. மண்ணில் பல மாதங்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். சாணம் மெழுகுவதால் அது அழியாது. சிமெண்டுத் தரையை முதலில் நன்கு கழுவிவிட்டுப் பின் பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். அசுத்தத்தின் மீதே ஊற்றினால் கரைசலின் வீரியம் வீணாகும். மண் தரைக்கு இது போதாது. அத்தகைய வீட்டுக்குத் தடுப்பூசிகள் முற்றும் போட்ட குட்டியையே கொண்டுவர வேண்டும்.

படுக்கும் இடம் ஈரமற்றதாய், வெயிலும் நிழலும் மாறிக் கிடைப்பதாய் இருத்தல் நல்லது. சுவர் வெடிப்புக்களைப் பூசி அடைத்தல் அவசியம்; உண்ணிகள் நாயின் மேலிருந்து இறங்கி அங்கேதான் முட்டையிடுகின்றன. உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு உண்ணிக் காய்ச்சலையும் பரப்புகிறது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கைமதிப்பாகக் குட்டிக்குப் பூசுவது அதனைக் கொல்லவும் கூடும்.

ஆகாரம்

பெரிய ஜாதிக் குட்டியை வளர்ப்பதில் செய்யப்படும் பிழைகளில் முதன்மையானது, சீக்கிரம் பருக்கவேண்டுமென்று அளவுக்கு மீறி ஊட்டுவதாகும். நீண்ட எலும்புகளின் வளரும் முனைகள் முற்றுவதற்கு இந்நாய்களில் ஒரு வருஷத்திற்கு மேலும் ஆகலாம். அதற்குமுன் உடல் கனத்தால், இளம் எலும்பும் மூட்டும் அப்பாரத்தைத் தாங்கமாட்டா. விலா எலும்புகள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாமலும், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படும்படியும் இருப்பதே சரியான நிலை. ‘கொழுகொழுவென்று இருக்கிறது’ என்று பிறர் புகழும் குட்டி, நம் கண்ணுக்குக் கவலை தருவதே.

இரண்டாவது பிழை சுண்ணாம்புச் சத்து மருந்து. ஒரு மிராசுதார் வீட்டில் முன்னங்கால் வளைந்த குட்டி ஒன்றைக் கண்டோம். கடையில் விற்கும் முழுச் சத்துள்ள குட்டித் தீனியோடு, ‘எலும்பு பலமாகட்டும்’ என்று டானிக்கையும் தினந்தோறும் ஊட்டியிருந்தனர். வளர்ந்த நாயின் குடல் தேவையானதை மட்டும் ஏற்று மிச்சத்தைத் தள்ளும். சிறு குட்டியின் குடலுக்கு அத்திறமை இல்லை. மிகுந்த சுண்ணாம்பு உடம்பில் சேர்ந்து எலும்பின் அமைப்பைக் கெடுக்கிறது. இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. சோறும் இறைச்சியும் மட்டும் உண்ணும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பற்றாமல் எலும்பு மெலிந்து ஒடியும். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆகவே தீனி இன்னதென்பதைக் கால்நடை வைத்தியரிடம் சொல்லி, அதற்கேற்பவே சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டும்.

கேழ்வரகுக் கூழும் மோரும் மட்டும் ஊற்றி வளர்ப்பது சிக்கனமன்று. வேகவைத்த முட்டை, மீன், கோழி இறைச்சி இவற்றில் ஏதேனுமொன்று தினமும் சேர வேண்டும். மூன்று மாதம்வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம்வரை மூன்று வேளையும், பின்னர் இரண்டு வேளையும் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் கலந்த குழம்புச் சோறு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். இலையில் மிஞ்சியதைப் போடும் வழக்கத்தை இதன் பொருட்டாவது விடுதல் வேண்டும். அறுத்த ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரல்களைப் போடுவதால் நாய்க்கு நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டை மனிதர் வயிற்றிற் சென்று ஈரலில் நீர்க்கட்டிகளை உண்டாக்குகிறது.

ஆழ்ந்த மார்புள்ள நாயாதலின், வயிறு நிறைய உண்டவுடன் ஓடவிடலாகாது. குட்டியை மாடிப்படி ஏறி இறங்கச் செய்தலும், சைக்கிளோடு ஓட்டுதலும், வண்டியிலிருந்து குதிக்கவிடுதலும் ஒரு வருஷம் கழியும்வரை வேண்டாம்.

தடுப்பூசியும் வீட்டாரும்

பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கொரு முறை பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுபவர்களுடைய குட்டிகளே பெரும்பாலும் மாள்கின்றன. தாய்ப்பாலின் வழி வந்த காப்பு, இருக்கும் வரை ஊசியின் வேலையைத் தடுத்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் வைத்தியர் சொல்லும் தவணைகளும் தவறலாகாது. நாய் கடித்தால், சொந்தக் குட்டியின் பல் பட்டாலுங்கூட, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ம் வருஷமே ஏற்பட்ட நாட்டில் இது வருந்தத்தக்கது. வெறிநோய்க் குறி கண்டபின் பிழைப்பவர் இல்லையென்றே சொல்லலாம். கிராம அதிகாரிகள் இதனைத் தண்டோரா மூலமாகவேனும் தெரிவிப்பார்களாயின் உயிர்கள் மிஞ்சும்.

குடற்புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு ஒட்டிவிடுகிறது. இரண்டு வார வயது முதல் எட்டு வாரம் வரை இரு வாரத்திற்கொரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதந்தோறும் புழு மருந்து தேவை. குட்டியின் மலத்திலுள்ள புழு முட்டை மண்ணில் கிடந்து முற்றிய பின்னரே மனிதரைத் தாக்கும் நிலையை அடைகிறது. எனவே மலத்தைத் தினந்தோறும் அள்ளிப் புதைத்துவிட்டால் மண்ணில் விளையாடும் குழந்தைகள் தப்புகின்றனர். இல்லையேல் அப்புழு சிலருக்குக் கண் பார்வையையே கெடுக்கும்.

குட்டிக்கு ஆகாரம் வைப்பவர் யார், கட்டுவதும் அவிழ்ப்பதும் யார் என்பதை வீட்டார் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தாத்தா சோறு ஊட்ட, பேரன் அதே காரியத்துக்கு அடித்தால், குட்டி ஒருவர் சொல்லையும் கேளாது. பதினாலு வாரத்திற்குள், தடுப்பூசிக்குப் பங்கமின்றி மடியில் வைத்தாவது, தபால்காரர், பால்காரர், முண்டாசு கட்டியவர், குடை பிடித்தவர், டிராக்டர் சத்தம் எல்லாவற்றையும் அதற்குக் காட்டி வைக்க வேண்டும். அப்போது காணாததைப் பின்னர் பகையாகவே எண்ணும். கொட்டிலிலேயே நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டால் நாய் மூர்க்கமாகும். காவல் திறமை வராது. ஓட்டமே காட்டாது எந்நேரமும் கட்டி வைப்பது 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

குட்டியைக் காலையில் கொண்டுவருவது நலம்; இரவுக்குள் இடம் பழகும். தாய் படுத்திருந்த சாக்குத் துண்டொன்றை உடன் வாங்கி வந்து படுக்கையில் விரிக்கலாம். முதல் ஒரு வாரம் பழைய தீனியையே கொடுத்துச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். கன்று ஈன்ற பசுவின் பக்கம் குட்டியை நெருங்கவிடலாகாது. மற்ற மாடுகளிடம் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே, தூரத்திலிருந்து நாளுக்குச் சிறிதாகக் கிட்டக் கொண்டுபோக வேண்டும்.