காட்டுப்பன்றி வரும் வழியையும் வேளையையும் முன்னறிதல்

காடோரக் கமங்களில் மூன்று நான்கு மாத உழைப்பை ஓரிரவில் சீரழிக்கவல்ல பிராணி காட்டுப்பன்றி. அது தின்பதிலும் பார்க்க மிதித்தும் புரண்டும் கிளறியும் அழிப்பதே அதிகம். பெரும்பாலான கமக்காரர்கள் பன்றி வந்து போன பின்னரே காவலைக் கடுமையாக்குகின்றனர். அதற்குள் பாதி வயல் போய்விடுகிறது. போகம் முழுவதும் கண்விழித்துக் காவல் செய்தலும் எவராலும் இயலாத காரியம். ஆகையால், எந்த நாட்களில், எந்த மூலையால், எந்தச் சாமத்தில் பன்றி வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்நாட்களுக்கென உடல் வலிமையைச் சேமித்து வைத்தலே தக்க முறையாகும்.

அமெரிக்க நாட்டில் வெண்வால் மானை வேட்டையாடுவோர், வேட்டைப் பருவம் தொடங்குமுன் மூன்று இடங்களைத் தேடிக் குறித்துக்கொள்வர். மான் பகலிற் படுக்கும் இடம், மாலையில் மேயும் இடம், இவ்விரண்டையும் இணைக்கும் ஒற்றையடித் தடம் என்பனவே அவை. துவக்கேந்திக் காத்திருப்பவனுக்கு உதவும் இவ்வறிவு, பயிரைக் காப்பவனுக்கும் அவ்வாறே உதவும்.

பன்றியின் படுக்கையைத் தேடுவதற்குக் காட்டின் நடுவே செல்ல வேண்டியதில்லை. பன்றிக்கு வியர்த்து உடற்சூட்டைத் தணிக்கும் ஆற்றல் இல்லை. ஆதலால் வெயில் நேரத்தில் நிழலடர்ந்த பற்றையிலும் ஈரமுள்ள இடத்திலும் அது தங்கும்; சேற்றிற் புரளும். குளத்தின் அலைகரை, கைவிடப்பட்ட வாய்க்கால், ஓடைப் பள்ளம் ஆகியவற்றிற் புரண்ட சேற்றுக்குழிகளைக் காணலாம். புரண்டெழுந்த பன்றி அருகிலுள்ள மரத்தில் உடலை உராயும். அம்மரத்திற் காய்ந்திருக்கும் சேற்றின் உயரம், வந்தது பெரிய பன்றியா குட்டியா என்பதைக் கூறிவிடும். சேறு ஈரமாயிருந்தால் பன்றி அண்மையிலேயே இருக்கிறது என்று கொள்க. அவ்விடத்தில் நெடுநேரம் நில்லாது திரும்புதல் நன்று. குட்டிகளுடன் கூடிய பெண்பன்றி ஆளைத் தாக்கத் தயங்காது.

அடுத்து, தடத்தைப் படித்தல் வேண்டும். பன்றியின் அடிச்சுவடு அகன்று, முன்னுனி மழுங்கியிருக்கும். இரு பெருங்குளம்புகளுக்குப் பின்னால் சிறு குளம்புகள் இரண்டும் பக்கவாட்டில் விலகிப் பதிந்திருக்கும். புள்ளிமானின் சுவடோ ஒடுங்கிக் கூர்மையானது. மரவள்ளித் தோட்டத்தில் முள்ளம்பன்றியின் வேலையைக் காட்டுப்பன்றியின் தலையிற் சுமத்துவோரும் உளர். முள்ளம்பன்றி கிழங்கருகே தோண்டிப் பல்லாற் கறம்பித் தின்னும். காட்டுப்பன்றி மூஞ்சியால் நிலத்தைப் புரட்டிச் செடியையே சாய்த்துவிடும். இரண்டிற்கும் காவல் முறை வேறாதலால் இவ்வேறுபாட்டை அறிதல் அவசியம்.

சுவட்டின் வயதைக் கணிப்பதும் கடினமன்று. விளிம்பு கூராக இருந்து, உள்ளே பனித்துளி படியாதிருந்தால் அது விடியற்புறத்துச் சுவடு. மழைத்துளிகள் குத்திய அடையாளம் உள்ளே இருந்தால் மழைக்கு முன் வந்தது. தடத்துக்குக் குறுக்கே சிலந்தி வலை சிதையாதிருந்தால் அன்றிரவு அவ்வழியாற் பன்றி செல்லவில்லை.

இவற்றை உறுதிப்படுத்த எளிய உபாயம் ஒன்றுண்டு. காடு நோக்கிய எல்லையில், வேலிக்கு உட்புறமாக 3 அடி அகலத்துக்கு மண்ணைக் கொத்திப் பலகையால் மட்டஞ்செய்து விடுக. வயலாயின், எல்லை வரம்பின்மேல் மெல்லிய சேற்றுப் பூச்சு இடுதல் போதும். மாலையில் மட்டஞ்செய்து காலையில் வாசிக்க வேண்டும். பன்றி எவ்வேளையில் வருகிறது என்றறிய விரும்புவோர், நள்ளிரவில் ஒருமுறை விளக்குடன் சென்று பார்த்துச் சுவடிருந்தால் அழித்து, மீண்டும் மட்டஞ்செய்து விடுதல் வேண்டும். காலையிற் காணும் சுவடு பின்னிரவுக்குரியது என்பது அப்போது ஐயமறத் தெரியும். பத்து நாள் இவ்வாறு செய்து, நாள், நுழைந்த இடம், சுவட்டின் அளவு, மழை, காற்று ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வந்தால், எந்த மூலையால் எந்தச் சாமத்தில் வருகின்றது என்பதைக் கமக்காரரே கூறிவிடலாம். ஊரார் சொல்லும் பொது விதிகளைவிட உங்கள் வரம்பிற் பதிந்த சுவடே நம்பத்தக்கது. நிலவுக் காலத்திற் பன்றி வராது என்று எண்ணிக் காவலைத் தளர்த்துவோர் இக்கொப்பியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, எந்த நாட்களில் என்னும் வினா. இதற்கு விடை பயிரின் வயதிலுள்ளது. நெல்லில் விதைத்த முதல் வாரம் ஓர் ஆபத்துக்காலம். முளைவிடும் விதைக்காகவும் ஈரமண்ணிலுள்ள புழுக்களுக்காகவும் பன்றி கிளறும். பெரிய ஆபத்து கதிரிற் பால் பிடிக்கும் வேளையிலேயே வருகிறது. பூத்ததிலிருந்து முற்றுவதற்கு எந்த இனத்துக்கும் ஏறத்தாழ 30 நாட்கள் செல்லும். ஆதலால் பீஜீ 300 போன்ற மூன்று மாத இனம் ஏறக்குறைய 60ஆம் நாளிலும், பீஜீ 352 போன்ற மூன்றரை மாத இனம் ஏறக்குறைய 75ஆம் நாளிலும் பூக்கும். அந்நாளிலிருந்து ஒரு வாரம் கழிய முழுக் காவல் தொடங்கி, அறுவடை வரை நீடிக்க வேண்டும். விதைத்த திகதியைக் குறித்துக்கொண்டவர் இதனை விரல்விட்டு எண்ணிவிடலாம். சோளத்தில் விதை நடும் வாரமும் பொத்தி பால் பிடிக்கும் வாரமும், நிலக்கடலையிற் காய் திரளும் காலமும், மரவள்ளி, வற்றாளையிற் கிழங்கு பருக்கும் காலமும் அவ்வாறே.

காட்டில் உள்ள உணவையும் கவனிக்க. ஆனி, ஆடி மாதங்களிற் பாலைப்பழம் உதிரும்போது பன்றிகள் அம்மரங்களின் கீழே திரியும். பழம் ஓய்ந்து, காடு வரண்டு, நிலம் இறுகிய பின் அவற்றின் மூஞ்சிக்கு இளகிய மண் கிடைப்பது நீர்பாய்ச்சிய தோட்டத்தில் மாத்திரமே. சிறுபோகத்தின் பிற்பகுதியில் மரக்கறித் தோட்டக்காரர் படும் பாட்டுக்கு இது முக்கிய காரணம். காலபோகத்திலும் நல்ல மழை பெய்து மண் இளகிய இரவுகளில் அவை அதிகமாய்க் கிளறும்.

பன்றிக்குக் கண் மந்தம். மூக்கும் காதும் மிகக் கூர்மை. காட்டோரத்தில் நின்று மோப்பம் பிடித்த பின்னரே வெளியே வரும். சோழகக் காற்று வீசும் மாதங்களிற் கமத்தின் மணம் வடகிழக்கு ஓரத்துக்குச் செல்கிறது. அப்பக்கத்தில் நிற்கும் பன்றிக்குக் காவற்காரன் எங்கே இருக்கிறான் என்பது தெரியும். அவனுக்கு எட்டாத மூலையால் நுழையும். வாடைக்காலத்தில் இது தென்மேற்கு ஓரத்துக்கு மாறும். ஆகவே பரணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அதிலேயே படுத்திருத்தல் பயன் தராது. இரவில் இரண்டு மூன்று முறை இடம் மாறுதலும், சுவடு காட்டிய மூலையில் முட்கிளைகளை இரட்டையாக அடைத்தலும் வேண்டும்.

வழி தெரிந்துவிட்டது என்பதற்காக அவ்வழியில் வாய்வெடியோ, வீட்டு மின்னிணைப்பிலிருந்து இழுத்த கம்பியோ வைத்தல் கூடாது. இரண்டும் சட்டவிரோதமானவை. பன்றியின் பாதையிலேயே யானையும் வரும், அயல்வீட்டுப் பிள்ளையும் வரும். வாய்வெடியைக் கடித்த யானைக்கன்று வாய் சிதைந்து, உண்ண முடியாமற் பல நாள் வதைபட்டே இறக்கிறது. மின்கம்பியில் மாண்ட கமக்காரரும் பலர். மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. இறந்து கிடக்கும் பன்றியைத் தொடாது கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க. 2024ஆம் ஆண்டில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அது மனிதரைத் தொற்றாதாயினும், இறைச்சியுடனும் பாதணியுடனும் பயணம் செய்து வளர்ப்புப் பன்றிகளைக் கொல்லும்.

ஒரு வெளியில் எல்லோரும் வெட்டி முடித்த பின் பிந்தி நிற்கும் ஒற்றை வயலுக்கே அப்பகுதிப் பன்றிகள் யாவும் திரும்பும். எத்துணைக் காவலாலும் அவ்வயலைக் காப்பது அரிது. ஆதலால் போக ஆரம்பக் கூட்டத்திலேயே ஒரே வயதுடைய இனத்தை ஒரே வாரத்தில் விதைக்க உடன்பாடு செய்துகொள்க. அறுவடை இயந்திரம் வரும்போது அதனைக் காட்டோர வயல்களில் முதலில் இறக்குக. அவை வெட்டப்பட்டால், எஞ்சிய வயலை அடையப் பன்றி வெட்டை வெளியைக் கடந்தே வரவேண்டியிருக்கும். காவற்காரனும் அதனைத் தொலைவிலேயே கண்டு விரட்டலாம்.