கோர்ட்டுப் படி ஏறாமல் கடன் விவகாரத்தைப் பைசல் செய்தல்

நம் வியாபாரிகளில் அநேகர் வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றுதான் பழைய பில்களைத் தேடி அலமாரியைத் திறக்கிறார்கள். அதுவரை கொடுக்கல் வாங்கல் யாவும் வாய்ச்சொல்லிலேயே ஓடுகின்றன. நாமும் அப்படித்தான் இருந்தோம். நாம் வக்கீல் அல்ல. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நம் படிப்பு. ஆயினும் பட்டறிந்ததைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று இதை எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் நமக்குச் சிறு ஜவுளிக் கடை. 2020-ல் பெருநாளை நம்பி ஒரு மொத்த வியாபாரியிடம் 9,400 வெள்ளிக்குக் கைலியும் துணியும் கடனுக்கு எடுத்தோம். ஏப்ரல் 7-ந் தேதி நோய்த் தடுப்புக்காகக் கடைகள் மூடப்பட்டன. நோன்பும் பெருநாளும் அடைத்த கதவுக்குப் பின்னால் கழிந்தன. சரக்கு அப்படியே தேங்கிற்று. மறு வருஷம் எப்படியோ புரட்டி 6,000 வெள்ளி கட்டினோம். அந்தப் பெரியவரை நாம் மாமா என்றுதான் அழைப்போம். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, “மீதியை விட்டுட்டேன் தம்பி, போய்ப் பிழைப்பைப் பாருங்க” என்றார். நாம் கண் கலங்கி ஸலாம் சொல்லி வந்தோம். ஒரு துண்டுச் சீட்டு வாங்கத் தோன்றவில்லை.

2023-ல் அவர் வஃபாத்தானார். மகன் கம்பெனிப் பொறுப்பை ஏற்றுப் பேரேட்டைப் புரட்டியபோது நம் பெயரில் 3,400 வெள்ளி பாக்கி நின்றது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. மகன் மீது குற்றம் இல்லை. கணக்கில் இருப்பதைத்தானே அவர் கேட்க முடியும்?

இந்த இடத்தில் மார்க்கம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். சூரத்துல் பகராவின் 280-வது ஆயத்து, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் மேல் என்கிறது. 282-வது ஆயத்து, தவணைக் கடனை எழுதிச் சாட்சியும் வைக்கச் சொல்கிறது. குர்ஆன் ஷரீஃபில் மிக நீண்ட ஆயத்து அதுவே. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் ஆயத்து; அது அல்லாஹ்விடம் திரும்பிப் போகும் நாளை அஞ்சச் சொல்வது. நம்மவர் கடன்பட்டிருக்கும்போது முதல் ஆயத்தை அழகாக ஓதுவார்கள். இரண்டாவதன்படி எழுதிக் கேட்டாலோ, “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிப்பார்கள். நாம் முதல் ஆயத்தின் பலனை அனுபவித்தோம், இரண்டாவதை மறந்தோம்.

ஸுல்ஹு, அதாவது சமாதானம் செய்வது எப்படி என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டில் இருந்த ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபு அவர்களுக்குக் கையால் சைகை செய்தார்கள். அவர்கள் உடனே சம்மதித்தார்கள். அடுத்த கணமே நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர் பக்கம் திரும்பி, எழுந்து போய் மீதியைக் கொடுக்கும்படி சொன்னார்கள். பாதி தள்ளியதை மட்டும் நாம் எடுத்துச் சொல்கிறோம். உடனே எழுந்து கொடுக்கச் சொன்னதை விட்டுவிடுகிறோம். தள்ளுபடியும் ரொக்கமும் ஒரே சபையில் நடந்தன. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று வேறொரு ஹதீஸும் உண்டு.

இனி நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். ஜலசந்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதில் சட்டம் ஒன்றல்ல. இது பல வியாபாரிகளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாதிருந்தது.

மலேசியாவில் 1950-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் குறைந்த தொகையை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது. 5,000 தரவேண்டியவரிடம் 2,000 வாங்கிக்கொண்டு போதும் என்றால் முழுதும் அடைந்துவிடும் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. 1966-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் கடன்பட்டவருக்காக அவர் மகன், ‘முழுக் கடனும் தீர்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் திருப்பி அனுப்புங்கள்’ என்று 4,000-க்குச் செக் அனுப்பினார். செக்கை மாற்றிக்கொண்டு, பிறகு மீதிக்காகத் திவால் நடவடிக்கை எடுத்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சிங்கப்பூரிலோ இங்கிலாந்தின் பழைய விதி நிற்கிறது. 1884-ல் பிரபுக்கள் சபை உறுதி செய்த விதி அது. உரிய கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டேன் என்ற வாக்கு மட்டும் கட்டுப்படுத்தாது. கடன்பட்டவர் அதற்குப் பதிலாகப் புதிதாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்: தவணைக்கு முன்பே பணம், அல்லது ஒரு பொருள், அல்லது மூன்றாம் ஆள் கட்டும் பணம். இல்லையென்றால் வக்கீல்கள் ‘டீட்’ என்று சொல்லும் பத்திரமாக எழுத வேண்டும். விதிவிலக்குகள் இருந்தாலும் அவற்றை வக்கீல் வைத்து வாதாடித்தான் பெறவேண்டும். ஆகவே மாமா சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இருந்திருந்தாலும் நம் பாடு திண்டாட்டம்தான். இதை நண்பர் ஒருவர் விளக்கியபோது நமக்கு வியர்த்துவிட்டது.

காலாவதியும் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் ஒப்பந்தக் கடனுக்கு 6 வருஷம் கெடு. ஆனால் நடுவில் ஒரு பகுதி கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலும், கெடு அன்று முதல் மறுபடி தொடங்கும். கெடு கழிந்தால் கோர்ட்டில் தப்பலாம். அதை நம்பிக் காலத்தை ஓட்டுகிறவரோடு நாம் வியாபாரம் செய்யமாட்டோம். கடன் மையித்தோடும் கூடவே வரும் என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம்.

நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருப்பதுதான் பெரும் பிழை. சிங்கப்பூரில் 15,000 வெள்ளிக்குக் குறையாத கடனுக்குச் சட்டப்படியான கோரிக்கைக் கடிதம் கொடுத்து, 21 நாளுக்குள் தீர்க்காவிட்டால் திவால் மனுப் போட முடியும். திவாலானவர் அனுமதியின்றிக் கம்பெனி நடத்தவோ வெளிநாடு போகவோ முடியாது. ஊருக்கு ஒரு மௌத்துக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். ஆகையால் முதல் வாரத்திலேயே பதில் எழுதுங்கள். சமாதானப் பேச்சுக் கடிதத்தின் தலைப்பில் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்று எழுதுவது வழக்கம். உண்மையாகவே பைசலுக்காக எழுதிய கடிதமானால், பேச்சு முறிந்த பிறகு அதைப் பொதுவாக நமக்கு எதிராகச் சாட்சியம் ஆக்க முடியாது.

பேசப் போகும்போது மூன்று மாத வரவு செலவைக் கையில் கொண்டுபோக வேண்டும். நாலு பேருக்குக் கடன் இருந்தால் நாலையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் மறைத்து மற்றவருக்குக் கட்டுவது தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். தர முடிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் 300 தான் முடியும் என்றால் 300 என்றே சொல்லுங்கள். வெட்கத்தில் 800 என்று சொல்லி இரண்டாம் மாதமே தவறியவர்களைக் கண்டிருக்கிறோம். கடன் கொடுத்தவருக்கும் ஒரு சொல்: அவகாசம் தருவதற்காகத் தொகையைக் கூட்டினால் அது ரிபா. ‘ஆலோங்’ கடன் இந்தக் கணக்கில் சேராது. அது போலீஸில் சொல்ல வேண்டிய காரியம்.

நடுவில் ஒருவர் வேண்டும். இரு பக்கமும் மதிக்கும் ஆளாக, யாருக்கும் கடன்படாதவராக இருந்தால் போதும். பெருந்தொகையானால் 1997-ல் ஏற்பட்ட சிங்கப்பூர் மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மத்தியஸ்தர் முன் எழுதிய உடன்பாட்டை, 2017-ம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டப்படி, இரு தரப்பும் சம்மதித்தால் 8 வாரத்துக்குள் கோர்ட் உத்தரவாகப் பதியக் கேட்கலாம். சரக்குக் கடன் 20,000 வெள்ளிக்குள் இருந்தால் சிறு கோரிக்கை மன்றத்தில் வக்கீல் இல்லாமலே முடியும். இருவரும் ஒப்பினால் 30,000 வரை. ஆனால் 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

நம் விவகாரத்தில் பள்ளிவாசலுக்கு வரும் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தார். மகன் முதலில், “காக்கா, வாப்பா சொன்னதாக நீங்கதானே சொல்றீங்க?” என்றார். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டோம். 2020-ல் வாங்கிய கைலியில் பிரிக்காத இரண்டு கட்டு நம் ஸ்டோரில் கிடந்தது. கட்டிலிருந்த அவர் வாப்பாவின் கையெழுத்துச் சீட்டைப் பார்த்ததும் மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்த இரண்டு கட்டும் அன்றே 1,500 வெள்ளியும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று முடிவாயிற்று. கட்டுகளைக் கொடுத்ததே சட்டம் கேட்கும் ‘புதிய பொருள்’ ஆகிவிட்டது.

இந்தத் தடவை பணம் கை மாறுவதற்கு முன்பே எழுதினோம். எந்தப் பில்கள், பழைய பாக்கி எவ்வளவு, இப்போது கொடுப்பது என்ன, அதனால் முழுக் கடனும் தீர்ந்தது, இனி இரு பக்கமும் கோரிக்கை இல்லை, வக்கீல் நோட்டீஸ் வாபஸ், தேதி, இரண்டு சாட்சி. மகன் சொந்தப் பெயரில் அல்லாமல் கம்பெனிப் பெயரில், டைரக்டர் என்று கையெழுத்திட்டார். கடன் கம்பெனிக்கு உரியது என்பதால் அது அவசியம். தவணையாகக் கட்டுவதாக இருந்திருந்தால், ஒரு தவணை தவறினால் என்ன, எத்தனை நாள் பொறுப்பது என்பதையும் சேர்த்திருப்போம். ஜாமீனாகக் கொடுத்த தேதியிடாத செக்கையும் திருப்பி வாங்கினோம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பேரேட்டில் நம் பக்கத்தில் கோடு போட்டு, ‘தீர்ந்தது’ என்று மகன் எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொண்டோம். இன்றும் அவரிடமே சரக்கு எடுக்கிறோம். ரொக்கத்துக்குத்தான் தருகிறார்.