புட்டியின் மேல் ஒரு பெயர்

வணிகத்தில் 'பிராண்டு' என்று வழங்குவதை நம்மிற் பலர் வெறும் படமென்றே கருதுகிறோம். நானும் அப்படித்தான் கருதியிருந்தேன். சென்ற பருவத்தில் எங்கள் வடிவமைப்பு வகுப்பில் பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். "உங்கள் ஊரில் ஒரு குடும்பம் சொந்தமாக வடிசாலை வைத்து மதுபானம் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு புட்டி, ஒரு லேபிள் அமைத்து வாருங்கள்" என்பது அவர் கட்டளை.

என் ஊர் சூளூர்பேட்டை. சென்னைக்கு வடக்கே எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி, காளங்கி ஆற்றங்கரையில் உள்ளது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர். பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரை ஒன்றை வரைந்தேன். பின்னால் ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட் ஒன்று சீறிக் கிளம்பும்படி அமைத்தேன். எனக்கு வெகு திருப்தி. பேராசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பறவை அழகாயிருக்கிறது. ஆனால் இது வடித்ததா, குடித்ததா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அன்று மாலைதான் நான் உள்ளபடியே படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் சிலவற்றை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இந்தத் தொழிலின் தனித்தன்மையைச் சொல்லவேண்டும். சோப்புக்கும் பற்பசைக்கும் விளம்பரம் உண்டு. மதுவுக்கு நம் நாட்டில் அந்த வழி அடைபட்டது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் அதைத் தடுக்கின்றன. அதனாலேயே மதுக் கம்பெனிகள் தங்கள் பெயரைச் சோடா, சீட்டுக்கட்டு, இசைத்தட்டு ஆகியவற்றின் முதுகில் ஏற்றி அனுப்பும் தந்திரம் தோன்றிற்று. லேபிளை அந்தந்த மாநிலத்து ஆயத்தீர்வைத் துறையில் தனித்தனியே பதிவு செய்து ஒப்புதல் பெறவேண்டும். பெரும்பாலான கடைகளில் வாங்குவோன் புட்டியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பதுமில்லை. கம்பிவலைக்கு வெளியே நின்று, பணத்தை உள்ளே நீட்டி, ஒரு பெயரைச் சொல்கிறான். ஆகவே நாவில் எளிதில் புரளாத பெயர், எவ்வளவு அழகிய எழுத்தில் அச்சிட்டாலும், பாதி செத்த பெயரே. பெரிய புட்டியில் அழகாயிருக்கும் படம் 180 மில்லிலிட்டர் 'குவார்ட்டர்' புட்டியில் எறும்புபோல் சுருங்கிவிடும் என்பதையும் நான் பிறகுதான் கண்டேன்.

இத்தகைய நெருக்கடியில் ஒரு குடும்பம் தன் முகத்தை எவ்வாறு காட்டுகிறது?

ஓல்டு மாங்க் ரம்மை எடுத்துக்கொள்வோம். 1855-இல் எட்வர்டு டயர் என்ற ஆங்கிலேயர் கசௌலி மலையில் தொடங்கிய தொழிலின் வழிவந்த கம்பெனியை, 1949-இல் நரேந்திரநாத் மோகன் வாங்கினார். மோகன் குடும்பத்தார் 1954-இல் அந்த ரம்மை வெளியிட்டனர். குட்டையான உடல், வெடிப்பு விட்டாற்போன்ற வரிகள் பதிந்த கண்ணாடி, சிரித்த முகத்துடன் ஒரு முதிய துறவி, இவ்வளவே. விளம்பரம் செய்யாமலே பெயர் பெற்றது என்பது இதன் புகழ். விளக்கணைந்த அறையிலும் கையால் தடவிச் சொல்லிவிடலாம், இன்ன புட்டி என்று. எழுத்தறியாதவனும் அறியும் சின்னம் அது. வடிவத்தை அடிக்கடி மாற்றாமல் விட்டதே பெரிய வடிவமைப்பு என்பது என் கருத்து. எங்கள் வகுப்பில் இதை ஒப்பாதவர்களும் உண்டு.

அடுத்தது வழக்குமன்றம் வரை சென்ற பெயர். பெங்களூரின் கோடே குடும்பத்தார் 1968-இல் 'பீட்டர் ஸ்காட்' என்ற பெயரில் விஸ்கி செய்தனர். பெயர் வைத்தவர் அவர்களிடம் பணிபுரிந்த வாரன் என்பவர். தம் தந்தை ஸ்காட்லாந்து நாட்டவர் என்பதும், தென்துருவம் சென்ற காப்டன் ஸ்காட், அவர் மகன் பீட்டர் ஸ்காட் ஆகியோரின் புகழுமே அப்பெயருக்குக் காரணம் என்று அவர் சாட்சியம் கூறினார். (இந்தப் பீட்டர் ஸ்காட்தான் உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டாக் கரடிச் சின்னத்தை 1961-இல் வரைந்தவர். சின்னம் வரையும் மாணவனான எனக்கு இதைப் படித்ததும் ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது.) ஸ்காட்ச் விஸ்கிச் சங்கத்தார் விடுவார்களா? 'ஸ்காட்' என்ற சொல்லே வாங்குவோனை ஏமாற்றும், பதிவை நீக்குக என்று 1986-இல் மனுச்செய்தனர். பதிவாளர் அவர்கள் பக்கம் தீர்த்தார். சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாறே தீர்த்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிக் கோடே குடும்பத்தார்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1974-இலேயே பெயரை அறிந்தும் பன்னிரண்டு ஆண்டு வாளாவிருந்தது ஒரு காரணம். ஸ்காட்ச் வாங்குவோர் விவரமறிந்தவர்கள், எது ஸ்காட்ச், எது இந்தியச் சரக்கு என்று அவர்கட்குத் தெரியும் என்பது மற்றொன்று.

தீர்ப்பு சட்டப்படி சரியானதாகவே இருக்கட்டும். வரைபவன் என்ற முறையில் என் மனம் அங்கே அமைதி அடையவில்லை. ஒரு குடும்பம் தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்க நாற்பது ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்ததே! இரவல் நகை போட்டவள் கல்யாண வீட்டில் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

இதற்கு நேர்மாறானது அதே பெங்களூரின் அம்ருத். 1948-இல் ராதாகிருஷ்ண ஜக்தலே தொடங்கிய வடிசாலை. பின்னர் மகன் நீலகண்ட ஜக்தலே நடத்தினார். நம் நாட்டில் 'விஸ்கி' எனப்படுவதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாரத்தோடு கலந்தது. ஐரோப்பியச் சட்டம் அதை விஸ்கி என்று அழைக்கவே இடங்கொடாது. ஜக்தலே குடும்பமோ பார்லியை முளைகட்டி வடித்த தனி மால்ட் விஸ்கியைச் செய்தது. மூன்றாம் தலைமுறையின் ரக்ஷித் இங்கிலாந்தில் நியூகாசிலில் படித்தபோது, இந்திய விஸ்கியை அங்கே விற்க இயலுமா என்பதையே தம் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். படிப்பு மாணவர்க்கு எப்படியெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்! 2004 ஆகஸ்டில் அம்ருத் வெளியிடப்பட்ட ஊர் கிளாஸ்கோ. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான். ஆனால் ஸ்காட்லாந்துப் பெயர் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை. இந்திய விஸ்கி என்றே லேபிளில் போட்டார்கள். பெங்களூர் வெப்பத்தில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிறது. ஸ்காட்லாந்தில் அது இரண்டு விழுக்காட்டளவே. ஆகவே இங்கே விஸ்கி விரைவில் முதிர்கிறது. 'பன்னிரண்டு ஆண்டு', 'பதினெட்டு ஆண்டு' என்று வயதைப் பெருமையாகப் பொறிக்கும் உலகில் இது குறையாகத் தோன்றக்கூடும். அவர்கள் வயதை மறைக்கப் பொய்க்கதை புனையாமல், எங்கள் வெயில் இப்படி என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஜிம் முர்ரே என்ற விமரிசகர் தம் 2010-ஆம் ஆண்டு விஸ்கி நூலில் அவர்களது 'ஃபியூஷனை' உலகின் மூன்றாவது சிறந்ததாக வைத்தார்.

இந்த இடத்தில் என் கட்டுரை நின்றிருக்கவேண்டும். ஆனால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது.

விடுமுறையில் படங்களைக் கூடத்தில் பரப்பியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வரையறதுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலியா உனக்கு?" என்றார். எங்கள் சூளூர்பேட்டை 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேருமுன் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். அந்த மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில்தான் 1992-இல் எழுத்தறிவு வகுப்பில் படித்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். வகுப்புப் பாடநூலில் இருந்த ஒரு கதையே அவர்களைத் தூண்டிற்று. தீ மாவட்டமெங்கும் பரவிற்று. ஆந்திர அரசு 1993 அக்டோபரில் சாராயத்தை ஒழித்தது; 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது; முழு மதுவிலக்கு 1997-இல் தளர்ந்தது.

அதற்கு முன், 1980-களில், அந்த அரசே சாராயத்தைப் பாலிதீன் பாக்கெட்டில் அடைத்து விற்பித்தது. திட்டத்தின் பெயர் 'வாருணி வாகினி'. புராணப்படி பாற்கடலைக் கடைந்தபோது தோன்றிய மதுவின் தேவதை வாருணி. அதே கடலில் தோன்றியதே அமிர்தமும். ஒரே கதையிலிருந்து அரசு எடுத்த பெயர் ஒன்று, பெங்களூர்க் குடும்பம் எடுத்த பெயர் ஒன்று. பெயர் நல்ல பெயர்தான். அதன் கீழே போனது என்ன என்பது வேறு சங்கதி. "அதுக்கு யாருப்பா பேர் சொன்னாங்க? பாக்கெட்டுன்னுதான் சொல்வாங்க. எவன் செஞ்சான், எதுல செஞ்சான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதுவும் பாக்கெட்தான். அதில் செய்தவன் பெயரில்லை, ஊரில்லை, எவ்வளவு வீரியம் என்ற எண்ணில்லை. லேபிள் ஒட்டியதாலேயே மது நல்லதாகிவிடாது. அதை நான் சொல்லவரவில்லை. ஆனால் பெயர் போட்டவன் பொறுப்பேற்கிறான். புட்டியில் தன் குடும்பப் பெயரைப் பொறித்தவன் நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவேண்டுமே! அலங்காரத்தை விட்டு இந்தப் பொறுப்பிலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. யார் செய்தது, எங்கே, எதிலிருந்து என்ற மூன்றுக்கும் மெய்யான விடை கிடைத்த பிறகே பென்சிலை எடுப்பது.

பூநாரையை நீக்கினேன். ராக்கெட்டும் போயிற்று. என் கற்பனைக் குடும்பம் நெல்லூர்ச் சீமையின் நொய்யரிசியிலிருந்து வடிக்கிறது என்று கொண்டேன்; தானியத்தில் வடிப்போர் நொய்யைப் பயன்படுத்துவது வழக்கமே. எனவே ஒரு நெற்கதிர். அதன் கீழ் ஊர்ப்பெயர், தெலுங்கிலும் தமிழிலும் சம அளவில். இரு லிபியும் வட்டமானவை ஆதலால் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்தின. பெயரை 'சூளூர்' என்று இரண்டே அசையில் நிறுத்தினேன். கம்பிவலை வழியே சொல்ல எளிது. வீரியம் 42.8 விழுக்காடு என்பதை மூலையில் ஒளிக்காமல் முன்பக்கம் வைத்தேன்.

எஞ்சியது எச்சரிக்கை வாசகம். மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்னும் அவ்வாசகம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். 200 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் எழுத்தின் உயரம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சட்டப்படி சரியாக மூன்றே மில்லிமீட்டரில், லேபிளின் அடியில், தங்க நிறத்தின்மேல் மஞ்சளாக எழுதியிருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது படிக்கவே முடியலியே. கொஞ்சம் பெரிசா எழுதக் கூடாதா?"

கறுப்பாக்கி, ஆறு மில்லிமீட்டர் ஆக்கினேன். நெற்கதிரைச் சற்று மேலே தள்ள வேண்டியதாயிற்று.