அப்பாவோட பிபி மாத்திரைக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா?

சென்னையிலோ பெங்களூருலோ வேலை, அப்பா அம்மா வெள்ளிமலையிலோ கல்வராயன் மலைக் கிராமத்திலோ. நம்ம சேனல் பார்க்கிற பலருக்கும் இதுதான் நிலைமை. "ஹெல்த் பாலிசி எடுத்தாச்சு, மாத்திரைச் செலவும் அதுலயே போயிடும்ல?"

பொதுவா போகாது. நம்ம ஊர் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கானவை. அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு மருந்துச் செலவு கிடைக்கும். 70 வயது தாண்டியவங்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையிலும் (2024 அக்டோபரில் வந்தது, வருமான வரம்பு இல்லை, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்) டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் மருந்துதான். மாசாமாசம் வாங்கும் சுகர் மாத்திரை கணக்கில் வராது. வெளிநோயாளி செலவைத் தரும் பாலிசிகளும் உண்டு. அதற்குக் கூடுதலா கட்டும் பிரீமியத்தையும் கிடைக்கும் வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க, பல சமயம் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும்.

அப்போ மாத்திரைக்கு என்ன வழி? சுகர், பிபின்னா முதல்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சுடுங்க, மருந்து இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கணும்னா பஸ் காசோட ஒரு நாள் கூலியும் போகும். அதுக்குப் பயந்தே நிறைய பெரியவங்க ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுறாங்க. போன்ல "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்கிறோமே, அதோட "எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு"ன்னும் கேளுங்க.

வெளியில்தான் வாங்கணும்னா மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம் ரெண்டிலும் ஜெனரிக் மருந்து விலை குறைவு. டாக்டரிடம் மூலப்பொருள் பெயரை எழுதித் தரச் சொல்லுங்க.

அடுத்து வரி. 60 வயது தாண்டிய பெற்றோருக்கு பிரீமியம் கட்டும் ஹெல்த் பாலிசி எதுவும் இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவில் வருஷம் 50,000 ரூபாய் வரை நீங்க 80டி கழிவு கேட்கலாம். மாத்திரை பில்லும் சேரும். பழைய வரி முறைக்கு மட்டும்தான், அதுவும் ரொக்கமா கொடுத்த பணம் செல்லாது. உதாரணத்துக்கு மாசம் 1,800 ரூபாய்னா வருஷத்துக்கு 21,600. 20 சதவீத வரியில் இருப்பவருக்கு 4,320 ரூபாய் மிச்சம். கடைக்காரர் நம்பருக்கு நீங்களே யுபிஐ போட்டு, பில்லை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கோங்க.

புது பாலிசி எடுக்கிறவங்க பிபி, சுகரை மறைக்காதீங்க. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைச்சு எடுத்தா, க்ளெய்ம் அன்னைக்கு ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கும் பழைய மாத்திரைச் சீட்டே உங்களுக்கு எதிரா நிற்கும்.