அடுத்த தட்டு



செம்மேட்டுக்குப் போகும்போதெல்லாம் வல்வில் ஓரி சிலையைப் பார்க்கிறோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினார் என்று தமிழ் ஐயா சொன்னபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒருவேளை அந்த அம்பு குறி தவறியிருந்தா, ஓரி அடுத்த அம்பை எப்படி விட்டிருப்பார்? அதற்கான பதில் நம்ம தமிழ்நாட்டு வீரர் ஒருவரிடம் எனக்குக் கிடைத்தது. அவர் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். வில் வீரர் இல்லை, பறக்கும் தட்டைச் சுடும் துப்பாக்கி வீரர்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். இதன் பெயர் டிராப். அந்தக் காலத்தில் உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கூட அப்படி நடந்தது. பிறகு புறாவுக்குப் பதில் தட்டு வந்தது. களிமண் தட்டு என்று பேர்தான், இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பசையையும் கலந்து செய்கிறார்கள். அகலம் 11 சென்டிமீட்டர், அதாவது நம்ம உள்ளங்கை அளவு.

வீரருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு குழி இருக்கும். அதற்குள் 15 எந்திரங்கள். வீரர் குரல் கொடுத்த உடனே ஒரு தட்டு பாய்ந்து வரும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்பது முன்கூட்டித் தெரியாது. வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். யோசிக்கவே நேரம் இல்லை! இரட்டைக் குழல் துப்பாக்கி என்பதால் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஐந்து சுற்றுக்கு 125. போன தட்டு போனதுதான், மறுபடி கேட்க முடியாது.

பிருத்விராஜ் 1987-இல் பிறந்தவர், புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அம்மா சாருபாலா தொண்டைமான் திருச்சி மேயராக இருந்தவர். 2023 மார்ச்சில் தோஹாவில் நடந்த உலகக் கோப்பையில் பிருத்விராஜ் வெண்கலம் வாங்கினார். அதே வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்து இவர்களோடு சேர்ந்து அணிக்கான தங்கம் வென்றார். மூன்று பேரும் சேர்ந்து 375-க்கு 361 தட்டுகளை உடைத்தார்கள்.

அடுத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக். 37 வயதில் அவருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். முதல் சுற்றில் 22. இரண்டாவது சுற்றில் முழுசாக 25. மூன்றாவது சுற்றில் 21. முதல் நாள் முடிவில் 30-ஆவது இடம். முதல் ஆறு பேர்தான் இறுதிப் போட்டிக்குப் போக முடியும். அந்த வாய்ப்பு ஏறக்குறைய போன மாதிரிதான்.

மறுநாள் இரண்டு சுற்று பாக்கி. அவர் என்ன செய்தார் தெரியுமா? 25-க்கு 25! மறுபடியும் 25-க்கு 25! மொத்தம் 118. கிடைத்தது 21-ஆவது இடம். பதக்கம் இல்லை. ஆனாலும் கடைசி 50 தட்டில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

இதை என் நண்பனிடம் சொன்னேன். "அவர் ராஜா வீட்டுப் பிள்ளைடா. துப்பாக்கி, தோட்டா எல்லாம் வாங்க முடியும். நமக்கும் அதுக்கும் என்ன?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். இது செலவு பிடித்த விளையாட்டு. நம்ம திண்ணனூர் நாட்டில் யார் வீட்டிலும் இதற்கு வசதி இல்லை. ஆனால் பறந்து வருகிற தட்டுக்கு ராஜா வீடும் தெரியாது, குடிசை வீடும் தெரியாது. மூன்றாவது சுற்றில் தவறிய நான்கு தட்டை வசதியால் திரும்ப வாங்க முடியுமா? நான்காவது சுற்றில் அவருக்குக் கைகொடுத்தது மனசு மட்டும்தான். அந்த மனசு நமக்கும் வேண்டியதுதானே?

அவருக்கு ஐந்து சுற்று, நமக்கு ஐந்து பாடம். காலாண்டுத் தேர்வில் என்னுடைய மூன்றாவது சுற்று கணக்கு. எட்டு மார்க் கேள்வியில் வரைபடத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். விடுதிக்கு வந்து அழுதேன். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு அறிவியல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கணக்கில் போனது எட்டு மார்க். அறிவியலில் போனது இருபத்தைந்து! கணக்குப் பரீட்சை கஷ்டம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அறிவியலுக்கு என்ன சொல்வது? அந்த மார்க்கை நானேதான் தூக்கிப் போட்டேன்.

நண்பர்களே, பொதுத்தேர்வு வருகிறது. ஏதாவது ஒரு நாள் ஒரு கேள்வி நமக்குத் தவறும். அன்றைக்கு வெளியே வந்து விடையைச் சரிபார்த்து அழ வேண்டாம். முகம் கழுவி, சாப்பிட்டு, அடுத்த புத்தகத்தை எடுப்போம். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். மறந்துவிட்டால், இந்தத் தாளை எழுதியவன் நீதானே என்று என்னைப் பிடித்துக் கேளுங்கள்!



– 10-ஆம் வகுப்பு மாணவன்