சிற்றாறு சேரும் துறை

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் நனைந்து வரும் நாம், அந்த நீர் அப்புறம் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தென்காசி வழியே ஓடும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆகவே புன்னைக்காயலை நம் ஆற்றின் துறைமுகம் என்று உரிமையோடு சொல்லலாம்.

இவ்வாற்றின் வாயில் எந்தத் துறைமுகமும் நிலைத்ததில்லை. முதலில் கொற்கை. மத்தியதரைக் கடலோரத்து அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே அந்த முத்துத்துறையின் பெயரை எழுதி வைத்தார். மலையிலிருந்து வந்த வண்டல் படியப் படியக் கடல் விலகியது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அடுத்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்ததாக வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதியது இவ்வூரைப் பற்றித்தான். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. பிறகே போர்த்துகீசியர் காலத்துப் புன்னைக்காயல். (ஹென்ரிக்கஸ் அடிகளார் இங்கேதான் பல்லாண்டு பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்.) நெல்லுக்கு உரமான வண்டலே கப்பலுக்குப் பகையானது. 1974இல் பெரிய துறைமுகம் வடக்கே தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. புன்னைக்காயலில் மீன்பிடி வள்ளங்களே மிஞ்சின.

ஆற்றின் கடைசியில் குடியிருப்போருக்கு மேலே நடப்பதெல்லாம் வந்து சேரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, மேற்கேயிருந்து ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அருவிக்கரையில் நாம் விட்டுவரும் ஷாம்பு உறைக்கும் போகும் வழி அதுவேதான்.

கடற்கரை மாலை என்றால், கதிரவன் கடலில் மூழ்குவதாகவே படம் வரைகிறோம். கிழக்குக் கரையில் அது நடவாது. அங்கே முதலில் கறுப்பது கடல். பொன்னொளி ஆற்றின் மேலும் அலையாத்தி மரங்களின் மேலும் நிற்கும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று படித்த கணக்கைப் போட்டால், அங்கே நமக்கு 3 நிமிடம் முன்பே சூரியன் மறைய வேண்டும். ஆனால் நமக்கோ மேற்கே மலை நிற்கிறது. அது கதிரவனை முன்கூட்டியே மறைத்துவிடுகிறது. அங்கே சமவெளியின் விளிம்புவரை அவனைப் பார்க்கலாம்.

அந்த ஒளியில்தான் வலையைச் செப்பனிடுவார்கள். வள்ளங்களை ஆற்றுக்குள் கட்டுவார்கள். பாய்மரக் காலத்தில் பின்னிரவு நிலக்காற்றைப் பிடித்துக் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவார்கள். இன்று இயந்திரம் வந்துவிட்டது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முகத்துவாரத்தில் மணல்மேடு விழுந்துவிட்டால் மட்டும், ஏறுநீர் வரும்வரை படகு வெளியே நிற்க வேண்டியதுதான்.