தாய் அட்டவணையும் சேய் அட்டவணையும்

தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்டார்.

ஒரு பள்ளியின் இணையச் செயலியில் ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனி அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியை ஒருவர் அங்கு பயிலும் மாணவிக்குத் தாயும் ஆவார். அவருடைய தொலைபேசி எண் ஓர் அட்டவணையில் திருத்தப்பட்டு, மற்றதில் விடுபட்டால்? மகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி பழைய எண்ணுக்கல்லவா போகும்!

எனவே பெயர், தொலைபேசி எண் போன்ற பொதுவானவற்றை 'நபர்' என்னும் தாய் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதுவர். 'ஆசிரியை', 'பெற்றோர்' என்னும் சேய் அட்டவணைகளில் அவரவர்க்கே உரியவை இருக்கும். நபரின் அடையாள எண்ணே மூன்றையும் இணைக்கும். இதுவே மரபுரிமை.

முழு விவரம் பெற அட்டவணைகளை இணைத்துப் படிக்க வேண்டும். ஆயினும் திருத்தம் ஓரிடத்தில் போதும். செய்தியும் உரிய தாயிடம் சேரும்!

— பத்தாம் வகுப்பு மாணவி